புகைக்கொடி எந்தப் பக்கம் பறக்கும்?

(எம். புதுப்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. இஸ்ரோவின் யூடியூப் ஒளிபரப்பை மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ட காட்சியைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். நான்கு கால் விரித்த ஒரு கலம் நிலவை நோக்கிச் சரிந்து வருகிறது, நிமிர்கிறது, தரையைத் தொடுகிறது. அந்தக் காட்சியை எடுத்த கேமரா எங்கே நின்றிருக்கும்? அப்படி ஒரு கேமரா அங்கே இல்லை. நாம் பார்த்தது கணினி வரைந்த அனிமேஷன். ஆனால் அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. கலத்தின் உயரம், கிடைமட்ட வேகம், செங்குத்து வேகம் ஆகியவை கலத்திலிருந்தே வந்துசேர்ந்த அளவுகளாகப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன், 2019 செப்டம்பர் 7 அதிகாலையில், சந்திரயான்-2 இறங்க முயன்றபோது திரையில் இருந்தது இதைவிட எளிமையான படம். போகவேண்டிய பாதை ஒரு கோடு, கலம் ஒரு புள்ளி. நிலவுக்கு 2.1 கிலோமீட்டர் உயரத்தில் கோட்டை விட்டு விலகிய அந்தப் புள்ளி, சற்று நேரத்தில் நின்றுவிட்டது. யாரும் வாய் திறந்து அறிவிப்பதற்கு முன்பே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அலங்காரம் ஏதுமில்லாத அந்தப் படம் உண்மையை உள்ளது உள்ளபடி சொன்னது. ஏனென்றால் அந்தப் புள்ளியை நகர்த்தியது ஓவியனின் கை இல்லை, கலம் அனுப்பிய தரவு.

இன்று வால்நட்சத்திரங்களுக்குச் சென்ற விண்கலங்களைக் கணினி அனிமேஷன் எப்படிக் காட்டியது, எப்படிக் காட்டவேண்டும் என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இந்தியா இதுவரை வால்நட்சத்திரத்துக்குக் கலம் அனுப்பவில்லை. செவ்வாயைச் சுற்றிய மங்கள்யான் அங்கே போய்ச் சேர்ந்த அடுத்த மாதமே, 2014 அக்டோபர் 19 அன்று, சைடிங் ஸ்பிரிங் என்ற வால்நட்சத்திரம் செவ்வாயை ஒட்டிச் சுமார் 1,40,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து போயிற்று. நம் கலம் ஒன்று வால்நட்சத்திரத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தது அப்போதுதான். ஆகவே ஒரு தமிழ்ப் பிள்ளையின் மனத்தில் வால்நட்சத்திரப் பயணம் என்று பதிந்திருப்பது பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க விண்வெளி அமைப்புகள் வெளியிட்ட அனிமேஷன்தான். அந்தப் படங்களில் அளந்து அறிந்ததும் இருக்கிறது, ஊகித்து வரைந்ததும் இருக்கிறது. இரண்டும் ஒரே பளபளப்பில் கலந்து நிற்கின்றன. எது அளந்தது, எது ஊகித்தது என்று பார்ப்பவனுக்குத் தெரியும்படி படம் இருக்கவேண்டும் என்பதே நான் இங்கே வாதிட வந்திருப்பது.

இதைச் சிவகாசி வட்டாரத்தின் இந்த ஊரில் வந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக வந்த அச்சு, பிறகு பட்டாசுப் பெட்டிக்கும் காலண்டருக்கும் நோட்டு அட்டைக்கும் பரவி, நாட்டின் சுவர்களில் தொங்கும் படங்களில் பெரும்பங்கை இந்த வட்டாரமே அடித்துக் கொடுக்கும் நிலைக்கு வளர்ந்தது. ஆப்செட் மெஷினிலிருந்து வரும் தாளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். விற்பனைக்குப் போகும் படம் நடுவில் இருக்கும். சுற்றிலும் ஓரத்தில் நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கும் ரெஜிஸ்டர் குறிகள், மை அளவைக் காட்டும் வண்ணக் கட்டங்கள், வெட்டும் கோடுகள் எல்லாம் இருக்கும். படம் எப்படி உருவானது, எங்கே பிசகியது என்பதற்கான சாட்சி அந்த ஓரம்தான். கட்டிங் மெஷின் அதை நறுக்கித் தள்ளிவிடுகிறது. சாமி படத்துக்கும் காலண்டருக்கும் அது சரி. ஆனால் அறிவியல் அனிமேஷனுக்கும் ஓர் ஓரம் உண்டு. இது ஓவியரின் கற்பனை, இந்த வேகம் கூட்டிக் காட்டப்பட்டது, இந்த நிறம் புரிதலுக்காக ஏற்றப்பட்டது என்று விண்வெளி அமைப்புகள் பெரும்பாலும் நேர்மையாகவே குறித்துத்தான் வெளியிடுகின்றன. தொலைக்காட்சியும் கைப்பேசியும் அதை மறுபடி வெட்டி ஒட்டும்போது அந்த ஓரம் நறுக்கப்பட்டுவிடுகிறது. எஞ்சுவது பளபளக்கும் நடுப்பகுதி மட்டும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்: வால். தமிழில் வால்நட்சத்திரத்துக்குப் புகைக்கொடி என்று ஒரு பழம்பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தில் அந்தச் சொல் வருகிறது. எவ்வளவு பொருத்தமான சொல் என்று பாருங்கள். கொடி காற்று அடிக்கும் திசையில்தான் பறக்கும். கொடியைத் தூக்கிக்கொண்டு நடப்பவன் எந்தப் பக்கம் போகிறான் என்பது அதற்குக் கணக்கே இல்லை. வால்நட்சத்திரத்தின் வாலும் அப்படித்தான், சூரியனுக்கு எதிர்ப்பக்கம் பறக்கும். 1531இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது ஜெர்மனியின் பீட்டர் அப்பியன் இதைக் கவனித்துப் படமாகவே வரைந்து காட்டினார். வாயு வால் ஏன் அவ்வளவு நேராகச் சூரியனுக்கு எதிரே நிற்கிறது என்று யோசித்த லுட்விக் பியர்மன், 1951இல், சூரியனிலிருந்து இடைவிடாமல் துகள்கள் வீசிக்கொண்டிருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். சூரியக் காற்று என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். பிறகு விண்கலங்கள் அளந்து அதை உறுதிசெய்தன. ஒரு வால் பறக்கும் திசை, சூரியனையே புதிதாகப் புரியவைத்தது. சூரியனைச் சுற்றிவிட்டு வெளியேறும் வால்நட்சத்திரம் தன் வாலை முன்னே நீட்டிக்கொண்டுதான் போகும். ஆனால் நம் கண்ணுக்குப் பழகிய வால் ராக்கெட் வெடியின் வால். அது எப்போதும் பின்னால்தான் வரும். ராக்கெட் பெட்டியின் லேபிளைப் பார்த்து வளர்ந்த கை, வால்நட்சத்திரத்தையும் அப்படியே வரைகிறது. பல அனிமேஷன்களிலும் வாலை ஓடும் திசைக்குப் பின்னால் இழுத்துவிட்டிருக்கிறார்கள். சின்னப் பிழை என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. வால் பின்னால் போனால் அது ராக்கெட் புகை, உள்ளேயிருந்து எரியும் ஒன்று. வால் சூரியனுக்கு எதிரே நின்றால் அது வெளியிலிருந்து ஒன்று தள்ளுகிறது என்பதற்குச் சாட்சி. திசையை மாற்றி வரைந்தவுடன் அந்தச் சாட்சி அழிந்துபோகிறது.

கணினியில் நெருப்பையும் புகையையும் தூசியையும் வரையும் முறைக்கும் இந்த ஊருக்கும் ஓர் உறவு இருக்கிறது. 1983இல் வில்லியம் ரீவ்ஸ் என்பவர் துகள் தொகுதி என்ற முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ஸ்டார் டிரெக் படத்தில் ஒரு கோளைத் தீ சூழ்ந்து பரவும் காட்சிக்கு அது பயன்பட்டிருந்தது. நெருப்புக்கு விளிம்பு இல்லை, அதனால் பெட்டியும் பந்தும் வரைவதுபோல் அதை வரைய முடியாது. ஆகவே ஆயிரக்கணக்கான புள்ளிகளைப் பிறக்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம், ஒரு நிறம், ஓர் ஆயுள் கொடுத்து, ஆயுள் முடிந்ததும் அணைத்துவிடுவது அந்த முறை. பேன்சி ரகத்தில் உருண்டை மருந்து அடுக்கிப் பழகியவருக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு உருண்டையும் ஒரு துகள். எத்தனை நொடி எரியும், எந்த நிறம், எவ்வளவு தூரம் தெறிக்கும் என்பதைக் கலவையிலேயே எழுதிவைப்பவர் அவர். ரீவ்ஸ் அந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டாகச் சொன்னவற்றில் வாணவேடிக்கையும் ஒன்று. வால்நட்சத்திரத்தின் தூசி வாலைக் கணினியில் வரையவும் இதே முறைதான். மாறுவது விதி. தரையில் தெறிக்கும் பொறியைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, காற்று தடுக்கிறது. அதனால்தான் புஸ்வாணத்தின் பொறிகள் குடைபோல் வளைந்து விழுகின்றன, புகை சுருண்டு தேங்குகிறது. வால்நட்சத்திரத்தில் தடுக்கக் காற்றே இல்லை. ஈர்ப்போ மிக அற்பம். சூரிய ஒளியின் அழுத்தம் மட்டும் நுண்ணிய தூசியை வேகமாகவும் பெரிய தூசியை மெதுவாகவும் தள்ளி, அளவு வாரியாகப் பிரித்து, வாலை வளைக்கிறது. பழகிய கண்ணுக்கு அழகாகத் தெரியவேண்டும் என்று புஸ்வாணத்தின் விதியையே வால்நட்சத்திரத்துக்கும் கொடுத்தால், படம் இயல்பாகத் தோன்றும். அந்த இயல்பு பூமியினுடையது.

இதற்கு நல்ல சோதனையாக அமைந்தது டீப் இம்பாக்ட் பயணம். 2005 ஜூலை 4 அன்று நாசாவின் அந்தக் கலம், டெம்பல்-1 என்ற வால்நட்சத்திரத்தின் மீது சுமார் 370 கிலோ எடையுள்ள ஒரு மோதுகலத்தை நொடிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் மோதவிட்டது. அதில் வெடிமருந்து ஒரு குன்றிமணி அளவும் இல்லை. வேகமே மருந்து. ஏறத்தாழ 5 டன் டிஎன்டி வெடிக்கும் ஆற்றல் அந்த மோதலில் வெளிப்பட்டது. மோதுகலத்தின் எடையில் ஏறக்குறைய பாதி செம்பு. ஏன் செம்பு என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை (உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்துவிட்டது என்பது வேறு சங்கதி), சோடியம் மஞ்சள், செம்பு நீலம் என்று நிறத்தால் உலோகத்தை அறியும் ஊர் இது. வானியலாளர்களும் அதையேதான் செய்கிறார்கள். 1864இல் இத்தாலியின் டொனாட்டி முதன்முதலாக ஒரு வால்நட்சத்திரத்தின் ஒளியைப் பட்டகத்தால் பிரித்துப் பார்த்தார். வால்நட்சத்திரத்தின் தலையில் தெரியும் பச்சை, இரண்டு கரி அணுக்கள் சேர்ந்த மூலக்கூறிலிருந்து வருவது. 1997இல் ஹேல்-பாப் வந்தபோது சோடியத்தால் ஆன தனி வால் ஒன்றையே கண்டார்கள். ஆகவே மோதலில் வெளிப்படும் ஒளியைப் பிரித்துப் பார்க்கும்போது, வால்நட்சத்திரத்தின் பொருள் எது, நாம் எறிந்த பொருள் எது என்று குழம்பக்கூடாது. வால்நட்சத்திரத்தில் எதிர்பார்க்கப்படாத, அங்குள்ள நீரோடு அதிகம் வினைபுரியாத உலோகம் என்பதால் செம்பைத் தேர்ந்தார்கள்.

மோதலுக்கு முன்பு வெளியான படங்களில் தெளிவான பெரும்பள்ளம் ஒன்று திறந்து நின்றது. அறிவியலாளர்கள் சொன்னது அப்படியல்ல. பள்ளம் ஒரு வீட்டளவும் இருக்கலாம், ஒரு விளையாட்டு அரங்கின் அளவும் இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். அந்தத் தயக்கம் முழுவதும் படத்தில் ஒரே வடிவமாக உறைந்துபோயிற்று. நடந்தது என்ன? முகத்துக்குப் பூசும் மாவைப்போல நுண்ணிய தூசி பெருமளவில் கிளம்பிப் பள்ளத்தையே மறைத்துவிட்டது. கடந்து சென்ற தாய்க்கலத்தால் பள்ளத்தைப் பார்க்கவே முடியவில்லை. ஸ்டார்டஸ்ட் என்ற வேறொரு கலத்தைத் திருப்பிவிட்டு, 2011 பிப்ரவரி 14 அன்று அதே இடத்தைப் படமெடுத்த பிறகுதான் சுமார் 150 மீட்டர் அகலமுள்ள, விளிம்பு மழுங்கிய பள்ளம் தெரிந்தது. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பள்ளத்தின் அளவல்ல. கிளம்பிய தூசி கூம்பு வடிவில் விரிந்து, அடிப்பாகம் தரையை விட்டு விலகாமலே நின்றது. தரை உறுதியான பாறையாக இருந்தால் அந்தக் கூம்பு பிய்த்துக்கொண்டு மேலே போயிருக்கும். அது ஒட்டி நின்ற விதத்திலிருந்தும் விரிந்த வேகத்திலிருந்தும் வால்நட்சத்திரத்தின் ஈர்ப்பைக் கணித்து, அது தண்ணீரைவிட இலேசான, இறுக்கமற்ற பொருள் என்று கண்டார்கள். அசைவின் வடிவமே சாட்சியாக இருந்தது. அனிமேஷனில் அந்த வெடிப்பைத் தீக்கோளமாகவும் சுருள்புகையாகவும் வரைந்தால் அழகு கூடும், ஆனால் அந்தப் பயணம் எதற்காகப் போனதோ அந்த விடை படத்தில் இருக்காது. இன்னொன்றும் சொல்லவேண்டும். வெடிப்பை வெறும் அழகாகக் காட்டும் பழக்கத்தை, 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை அறிந்த இந்த மண் எளிதில் ஏற்றுக்கொள்ளாது. வெடிப்பு எப்படிப் பரவுகிறது, எதைத் தள்ளுகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்பதைச் சரியாக அறிவது இங்கே உயிரோடு சம்பந்தப்பட்ட அறிவு.

அடுத்தது ரொசெட்டா. 2004 மார்ச்சில் புறப்பட்டு, பத்தாண்டு பயணம் செய்து, 2014 ஆகஸ்ட் 6 அன்று 67பி என்ற வால்நட்சத்திரத்தை அடைந்த ஐரோப்பியக் கலம். அதன் வரலாற்றில் ஊகப்படத்தை உண்மை இருமுறை திருத்தியது. 2003இல் ஹப்பிள் தொலைநோக்கியின் அளவுகளை வைத்து, அந்த வால்நட்சத்திரம் ரக்பி பந்துபோல நீண்ட ஒற்றை உருண்டை என்று கருதினார்கள். படங்களும் அப்படியே வந்தன. 2014 ஜூலையில் கலம் நெருங்கியபோது தெரிந்ததோ கழுத்தால் இணைந்த இரண்டு துண்டுகள், பார்ப்பதற்கு வாத்து போல. அந்த வடிவம் தெரிந்த பிறகு ஃபைலே என்ற இறங்குகலத்தை எங்கே இறக்குவது என்ற கணக்கையே புதிதாகப் போடவேண்டியிருந்தது. 2014 நவம்பர் 12 அன்று ஃபைலே பிரிந்து ஏழு மணி நேரம் மிதந்து இறங்கியது. முன்பே வெளியான அனிமேஷன்களில் அது தரையைத் தொட்டதும் ஈட்டிகளைப் பாய்ச்சித் தன்னைப் பிணைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. பூமியில் 100 கிலோ இருக்கும் அந்தக் கலம் அங்கே ஒரு கிராம் அளவுக்குத்தான் கனக்கும். ஆகவே ஈட்டிகள்தான் எல்லாம். உண்மையில் அவை பாயவில்லை. மேலிருந்து அழுத்தவேண்டிய உந்துபொறியும் வேலை செய்யவில்லை. கலம் மேலே எழும்பி, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அலைந்து, இருமுறை எழும்பி விழுந்து, குறித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு பாறை நிழலில் போய் ஒதுங்கியது. அது கிடக்கும் இடம் படத்தில் தெரிந்தது 2016 செப்டம்பரில்தான். இதில் காலமும் ஒரு சங்கதி. வால்நட்சத்திரத்திலிருந்து வானொலிச் செய்தி பூமிக்கு வர 28 நிமிடத்துக்கு மேல் ஆனது. முதல் தொடுகையின் செய்தி கிடைத்து டார்ம்ஸ்டாட் கட்டுப்பாட்டு அறையில் கைதட்டல் எழுந்தபோது, ஃபைலே ஏற்கெனவே எழும்பி மிதந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் உலகின் திரைகளில் ஓடிய அனிமேஷன் கடந்துபோனதையும் காட்டவில்லை, நடந்துகொண்டிருந்ததையும் காட்டவில்லை. நடக்கும் என்று நம்பியதைக் காட்டியது. அதன் ஓரத்தில் திட்டம் என்ற ஒரு சொல் இருந்திருந்தால் போதும், யாருக்கும் குழப்பம் வந்திருக்காது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். புகைப்படம் மட்டும் என்ன சுத்தமா, அதையும் திருத்தித்தானே தருகிறார்கள், பிறகு அனிமேஷனை மட்டும் ஏன் கூண்டில் ஏற்றவேண்டும் என்று கேட்கலாம். மறுப்பு நியாயமானது. வால்நட்சத்திரத்தின் கரு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்கைத்தான் திருப்பித் தருகிறது, கரியைவிடக் கருப்பு. நாம் பார்க்கும் ரொசெட்டா படங்களில் அது சாம்பல் நிறமாகத் தெரிவது வெளிச்சம் கூட்டப்பட்டதால்தான். 1986 மார்ச் 13 இரவு ஜியோட்டோ கலம் ஹாலியின் கருவை 596 கிலோமீட்டர் தொலைவில் கடந்ததை ஐரோப்பா நேரலையில் பார்த்தது. அப்போது ஒளியின் அளவைப் பிரித்துக் காட்டும் பொய் நிறங்களில்தான் படம் வந்தது. அறிவியலாளர்களுக்கு அது விளங்கிற்று. பொதுமக்களுக்கு வண்ணத் திட்டுகளாக மட்டும் தெரிந்து, பலர் ஏமாந்துபோனார்கள். 2018இல் ரொசெட்டாவின் படங்களைக் கோத்து ஓர் ஆர்வலர் வெளியிட்ட சில நொடி அசைபடத்தில், செங்குத்தான பாறைச்சரிவின் முன் பனி பெய்வதுபோல் இருந்தது. உலகமே அதைப் பகிர்ந்தது. அங்கே விழுந்துகொண்டிருந்ததாகத் தோன்றியதில் ஒரு பகுதி தூரத்து நட்சத்திரங்கள், ஒரு பகுதி தூசி, ஒரு பகுதி கேமராவைத் தாக்கிய காஸ்மிக் கதிர்கள். ஒவ்வொரு படமும் உண்மை, கோத்தபோது கண் புதிதாக ஒரு மழையைக் கட்டிக்கொண்டது. ஆகவே புகைப்படம் சுத்தம், அனிமேஷன் கலப்படம் என்று நான் பிரிக்கவில்லை. நான் கேட்பது இரண்டிடமும் ஒரே கேள்வி: எது அளந்தது, அதன்மேல் என்ன ஏற்றப்பட்டது? ரொசெட்டாவின் காந்தமானி பதிந்த ஏற்ற இறக்கத்தை 2014 நவம்பரில் ஒலியாக மாற்றி, வால்நட்சத்திரம் பாடுகிறது என்று வெளியிட்டார்கள். வெற்றிடத்தில் ஒலி கிடையாது. மனிதக் காதுக்கு எட்டவேண்டும் என்பதற்காக அதிர்வெண்ணைப் பத்தாயிரம் மடங்கு கூட்டியிருப்பதை அவர்களே சேர்த்துச் சொன்னார்கள். பாட்டும் இனித்தது, உண்மையும் கெடவில்லை.

இரண்டாவது மறுப்பு ஆசிரியர்களிடமிருந்து வரும். பிள்ளைகளிடம் அளவும் ஐயமும் பேசினால் ஆர்வம் வடிந்துபோகும், கதைதானே அவர்களை இழுக்கும் என்பார்கள். கதைக்கு நான் எதிரி இல்லை. ஐரோப்பிய விண்வெளி முகமை ரொசெட்டாவையும் ஃபைலேவையும் கண்ணும் வாயும் உள்ள பாத்திரங்களாக்கிக் கார்ட்டூன் தொடர் ஒன்றை வெளியிட்டது. ரொசெட்டா அக்காள்போல, ஃபைலே துறுதுறுப்பான தம்பிபோல. அதைப் பார்த்த எந்தக் குழந்தையும் விண்கலத்துக்கு உண்மையிலேயே கண் இருக்கிறது என்று நம்பவில்லை. கார்ட்டூன் தன் நெற்றியிலேயே தான் கார்ட்டூன் என்று எழுதி ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆபத்து எல்லாம் புகைப்படம்போலவே தோன்றும் அனிமேஷனில்தான் இருக்கிறது. பாறையின் ஒவ்வொரு குறுமணலும், நிழலின் ஒவ்வொரு விளிம்பும் தெளிவாக இருந்தால், அத்தனையையும் யாரோ பார்த்து வரைந்தார்கள் என்று மனம் ஒத்துக்கொண்டுவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் அப்படிப்பட்ட படத்தைத் தந்துவிடும் இந்தக் காலத்தில், எவ்வளவு தத்ரூபம் என்பது உண்மைக்கு அளவுகோலாக இருக்கவே முடியாது. மேலும் ஐயம் பிள்ளைகளை விரட்டும் என்பதை நான் ஏற்கவில்லை. சந்திரயான்-2இன் புள்ளி நின்றபோது யாரும் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. அடுத்து என்ன ஆகும் என்று தெரியாத நிலைதான் கண்ணை அங்கேயே கட்டிப்போட்டது.

மூன்றாவது மறுப்பை மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். பருவமழையும் நீதிமன்றத் தீர்ப்பும் பட்டாசு ஆர்டரும்தான் இங்கே வயிற்றுப்பாட்டைத் தீர்மானிக்கின்றன. வால்நட்சத்திர அனிமேஷனைப் பற்றி எம். புதுப்பட்டி ஏன் கவலைப்படவேண்டும்? படம்தான் இந்த வட்டாரத்தின் இன்னொரு பயிர் என்பது என் பதில். தெற்கே மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அதையொட்டி வெளியான ஒரு நாளிதழ் விளம்பரத்தில் சீனக் கொடி பொறித்த ராக்கெட்டின் படம் இடம்பெற்றுப் பெரும் சர்ச்சையானது. கிடைத்த ராக்கெட் படத்தை எடுத்துப் போட்டால் போதும் என்ற பழக்கம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. நோட்டு அட்டையில் வரும் வால்நட்சத்திரத்துக்கும் இதே கதைதான். அந்த அட்டையை ஒரு பிள்ளை ஆண்டு முழுவதும் கையில் வைத்திருக்கும். பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியை விட அந்தப் படம் ஆழமாகப் பதியும். தமிழ்நாட்டில் திறமைக்குப் பஞ்சம் இல்லை. ரொசெட்டா வால்நட்சத்திரத்தை அடைந்த அதே 2014இல்தான் நடிப்பைப் பதிவுசெய்து உருவாக்கிய கோச்சடையான் இங்கிருந்து வந்தது. தரவுக்கும் பஞ்சம் இல்லை. 67பியின் முப்பரிமாண வடிவம் பொதுவில் கிடைக்கிறது. ரொசெட்டாவின் வழிகாட்டு கேமராப் படங்களை, பெயர் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டிருக்கிறார்கள். எந்த நொடியில் கலம் எங்கே, எந்தப் பக்கம் திரும்பி இருந்தது என்ற கணக்கை ஸ்பைஸ் என்ற தொகுப்பாக நாசா பொதுவில் வைத்திருக்கிறது. ஒரு கல்லூரி மாணவன் ஒரு சாதாரணக் கணினியில் அதை வைத்து உண்மையான பாதையைத் தமிழ் விளக்கத்தோடு ஓட்டிக் காட்ட முடியும். அப்படிச் செய்யும்போது அளந்த பரப்பை முழு வண்ணத்திலும், அளக்காத பரப்பை வெறும் கோட்டிலும் விடலாம். அழகுக்குக் குறை வராது. கோலத்தில் புள்ளி தெரிவது கோலத்தைக் கெடுப்பதில்லையே.

வானத்தைப் பார்த்துப் பதிவுசெய்வதில் இந்த மாநிலம் பின்தங்கியதும் இல்லை. 1910இல் ஹாலி வந்தபோது கொடைக்கானல் ஆய்வகத்தில் எவர்ஷெட் அதைப் படமெடுத்தார். சென்னையில் பிறந்த வைணு பாப்பு, ஹார்வர்டில் மாணவராக இருந்த 1949இல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க, அது அவர் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கிறது. அவர் கண்ட கனவான காவலூர் 2.34 மீட்டர் தொலைநோக்கி, ஹாலி திரும்பி வந்திருந்த 1986 ஜனவரியில் அவர் பெயரிலேயே திறக்கப்பட்டது. ஹாலி அடுத்து வருவது 2061இல். இந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அப்போது பேரப்பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக்கொண்டிருக்கலாம். அது சூரியனைச் சுற்றிவிட்டு வெளியேறும் வாரங்களில், வால் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று அவர்களுக்கு இப்போதே தெரிந்திருக்கவேண்டும்.

கடைசியாக ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2016 செப்டம்பர் 30 அன்று ரொசெட்டாவை அந்த வால்நட்சத்திரத்தின் மேலேயே மெல்ல இறக்கிப் பயணத்தை முடித்தார்கள். தரையைத் தொடும்வரை அது படம் அனுப்பிக்கொண்டே இருந்தது. கடைசிப் படம் இதுதான் என்று ஒன்றை வெளியிட்டுவிட்டு எல்லோரும் ஓய்ந்துவிட்டார்கள். ஓராண்டு கழித்து, ஜெர்மனியில் ரொசெட்டாவின் கேமராவைக் கையாண்ட குழு, பழைய தரவுகளைத் துழாவியபோது இன்னொரு படத்தின் துண்டுகள் கிடைத்தன. ஆறு பொதிகளாக வரவேண்டிய அந்தப் படத்தில் மூன்றுதான் பூமிக்கு வந்துசேர்ந்திருந்தன, அதாவது பாதிக்குச் சற்றே கூடுதலான தரவு. ஆளுயரத்தைப் போல் பத்து மடங்கு உயரத்திலிருந்து, ஒரு மீட்டர் அகலமுள்ள தரை. இல்லாத பாதியைப் பக்கத்துப் படங்களைப் பார்த்து நிரப்பி, கூர்மையாக்கி வெளியிட அவர்களால் முடியும். அதைச் செய்யவில்லை. எத்தனை பொதி வந்தது, எத்தனை வரவில்லை என்ற கணக்கோடு, கிடைத்தது கிடைத்தபடி அந்த மங்கலான தரையை வெளியிட்டார்கள்.